எத்தனாவது வருஷத்துல இருக்கீங்கம்மா?

கேள்வி:

எனக்கு வயது 43. பள்ளியில் மேல் வகுப்புகளுக்குக் கணக்கு எடுக்கிறேன். இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது. ஐந்து மாதமாக, இரவு பதினொன்றுக்கு மேல் வீட்டில் எல்லோரும் தூங்கிய பிறகு, லேப்டாப்பில் திருட்டுத்தனமாக ஸ்டார்டியூ வேலி என்ற கேம் விளையாடுகிறேன். விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, அறுவடை செய்கிற விளையாட்டு. தினமும் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று மணி நேரம்கூடப் போய்விடுகிறது. படுக்க ஒரு மணியாகிறது. ஐந்தரைக்கு எழ வேண்டும். கணவர் தண்ணீர் குடிக்க எழுந்து வந்தால் திருடி மாதிரி லேப்டாப்பை மூடிவிடுவேன். வினாத்தாள் தயாரிப்பதாகச் சொல்லி வைத்திருக்கிறேன். இரண்டு முறை கேமை அழித்தேன். முதல் முறை 12 நாள், அடுத்த முறை மூன்று வாரம் தள்ளினேன். மறுபடியும் போட்டுக்கொண்டேன்.

என் 15 வயது மகன் சுடுகிற விளையாட்டே கதி என்று இருக்கிறான். அவனுடைய போனை இரவில் வாங்கி வைப்பது நான்தான். போன வாரம் ஒரு நாள் அவன் பின்னால் வந்து நின்றதை ஹெட்போன் போட்டிருந்ததால் கவனிக்கவில்லை. திரும்பினால் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். "எத்தனாவது வருஷத்துல இருக்கீங்கம்மா?" என்று மட்டும் கேட்டான். "மூணாவது, இலையுதிர்காலம்" என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன். அன்றிலிருந்து அவன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அப்படிக் குத்திக் காட்டியிருக்க வேண்டாம். வகுப்பில் "கேம் ஆடி வாழ்க்கையைத் தொலைக்காதீர்கள்" என்று சொல்கிறவள் நான்.

இந்தக் கல்வியாண்டில் எனக்கு வர வேண்டிய கணக்குப் பிரிவுப் பொறுப்பு என்னைவிட இளையவர் ஒருவருக்குப் போனது. அதுவும் ஒரு காரணமோ என்னவோ. பண்ணைக்குப் பெயர்கூட வைத்திருக்கிறேன், அதை இங்கே எழுத வெட்கமாக இருக்கிறது. நான் அடிமையாகிவிட்டேனா? இந்த வயதில் இது கோளாறா? மகனை இனி எந்த முகத்தோடு கண்டிப்பது?

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டாம் முறை படிக்கும்போது கையில் பென்சில் எடுத்துக்கொண்டேன். கூச்சம், திருட்டுத்தனம், திருடி, வெட்கம் என்று ஒவ்வொன்றாகக் கோடு போட்டுக்கொண்டே வந்தேன். "எனக்கு அது பிடித்திருக்கிறது" என்ற வாக்கியம் எங்கேயாவது இருக்கிறதா என்று தேடினேன். இல்லை. ஐந்து மாதம் ஒரு காரியத்தை விடாமல் செய்திருக்கிறீர்கள், அது பிடிக்கும் என்று ஓர் இடத்தில்கூடச் சொல்லவில்லை. உங்களுடைய மூன்று கேள்விகளையும்விட எனக்கு இதுதான் உறுத்தியது.

நீங்கள் கணக்கு ஆசிரியை என்பதால் முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். அந்த விளையாட்டு எனக்கும் கொஞ்சம் தெரியும். அதில் ஒரு நாள் காலை ஆறு மணிக்குத் தொடங்கி நடு இரவு தாண்டி இரண்டு மணி வரை போகும். அங்கே பத்து நிமிடம் நகர இங்கே சுமார் ஏழு விநாடி. ஆக ஒரு முழு நாள் ஓட 14 நிமிடம். நான்கு பருவங்கள், பருவத்துக்கு 28 நாள், ஆண்டுக்கு 112 நாள். மூன்றாம் ஆண்டு இலையுதிர்காலம் என்றால் 280 நாளைத் தாண்டியிருக்கிறீர்கள். பையைத் திறந்து பொருளை அடுக்கும்போதும் ஊர்க்காரர்களிடம் பேசும்போதும் கடிகாரம் நிற்கும் என்பதால், தாராளமாக நாளுக்கு 20 நிமிடம் வைத்துக்கொள்வோம். அப்படியும் மொத்தம் 100 மணி நேரத்தை ஒட்டித்தான் வருகிறது. ஐந்து மாதத்தில் கேமை அழித்து வைத்திருந்த நாட்களைக் கழித்தால் ஏறக்குறைய 117 இரவுகள். இரவுக்கு ஒரு மணி நேரம்கூட இல்லை.

"தினமும் இரண்டு மணி நேரம், சில நாள் மூன்று" என்று நீங்கள் எழுதியதற்கும் இதற்கும் பாதிக்கு மேல் வித்தியாசம். என் கணக்கை நம்ப வேண்டாம். சேமித்த பண்ணையைத் திறக்கும் திரையில், உங்கள் பாத்திரத்தின் பெயருக்கு அருகே இதுவரை எத்தனை மணி நேரம் ஆடியிருக்கிறீர்கள் என்று இருக்கும். இன்றைக்கே பாருங்கள். முதலில் வேறு பண்ணை தொடங்கி விட்டிருந்தால் அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நீங்கள் பொய் சொல்கிறீர்கள் என்பதற்காக இதை எழுதவில்லை. ஆடுகிற நேரத்தை மனிதர்கள் சரியாகச் சொல்வதில்லை. 2021இல் வெளியான ஓர் ஆக்ஸ்ஃபோர்ட் பல்கலைக்கழக ஆய்வில், இரண்டு விளையாட்டுகளை ஆடும் 3,274 பேரிடம் எவ்வளவு நேரம் ஆடினீர்கள் என்று கேட்டார்கள். அந்தக் கேம் நிறுவனங்களிடமிருந்து உண்மையான பதிவையும் வாங்கி ஒப்பிட்டார்கள். ஆட்கள் சொன்னதும் பதிவில் இருந்ததும் அவ்வளவாக ஒத்துப்போகவில்லை. கூட்டிச் சொல்வதுதான் அதிகம் இருந்தது. உங்கள் விஷயத்தில் கூட்டிச் சொல்ல வைத்தது குற்றவுணர்ச்சி என்பது என் ஊகம்.

அப்படியானால் பதினொன்றிலிருந்து ஒரு மணி வரை மீதி நேரம் எங்கே போகிறது? எல்லோரும் தூங்கிவிட்டார்களா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதில் கொஞ்சம். காலடிச் சத்தம் கேட்டு மூடி, மறுபடி திறப்பதில் கொஞ்சம். நடுவில் நிறுத்திவிட்டு "இது எனக்குத் தேவையா" என்று யோசிப்பதிலும், மூடிவைத்த பிறகு கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருப்பதிலும் நிறைய. விளையாட்டைவிட ஒளிப்பதற்குத்தான் நீங்கள் அதிக நேரம் கொடுக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

சரி, அடிமையா என்ற கேள்விக்கு வருகிறேன். இதைச் சீக்கிரம் முடித்துவிடலாம்.

உலக சுகாதார நிறுவனம் தன் நோய்ப் பட்டியலின் 11ஆவது பதிப்பில் 'கேமிங் டிஸ்ஆர்டர்' என்ற ஒன்றைச் சேர்த்தது. 2019இல் ஏற்கப்பட்டு 2022 ஜனவரி முதல் நடைமுறையில் இருக்கிறது. எத்தனை மணி நேரம் ஆடினால் நோய் என்று அதில் எங்கேயும் எழுதவில்லை. எப்போது தொடங்குவது, எப்போது நிறுத்துவது என்பது கைமீறிப் போக வேண்டும். மற்ற எல்லாவற்றையும் தள்ளிவிட்டு விளையாட்டு முதலிடத்துக்கு வர வேண்டும். கெடுதல் கண்ணுக்குத் தெரிந்த பிறகும் அது தொடர வேண்டும். இவற்றால் குடும்பமோ வேலையோ படிப்போ கணிசமாகக் குலைந்திருக்க வேண்டும். பொதுவாக 12 மாதமாவது இப்படி நீடித்திருக்க வேண்டும், மிகக் கடுமையாக இருந்தால் மட்டும் அதற்கு முன்பே முடிவு செய்யலாம். அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேடு 2013இல் இதை "இன்னும் ஆராய வேண்டியது" என்ற பகுதியில்தான் வைத்தது. அந்தக் கையேட்டின் அளவுகோலை வைத்து நான்கு நாடுகளில் சுமார் 19,000 பேரிடம் நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், கோளாறு என்று சொல்லத்தக்கவர்கள் 0.3 முதல் 1 சதவீதம் வரைதான் இருக்கலாம் என்று தெரிந்தது.

நீங்கள் ஒரு முறை 12 நாள், இன்னொரு முறை மூன்று வாரம் நிறுத்தியிருக்கிறீர்கள். அதைத் தோல்வியாக எழுதியிருக்கிறீர்கள், நான் வேறு மாதிரி படிக்கிறேன். அந்த நாட்களில் எரிச்சலில் வீட்டில் யாரிடமாவது பாய்ந்தீர்களா, வகுப்புக்குப் போகாமல் இருந்தீர்களா, அதைத் தவிர வேறு நினைப்பே ஓடவில்லையா? அப்படி ஒரு வரிகூட இல்லை. மறுபடி போட்டுக்கொண்டதற்குக் காரணம், அது இல்லாமல் முடியவில்லை என்பதைவிட, அது இருந்தால் நன்றாக இருக்கும் என்பதாக இருக்கலாம். நேரில் பார்க்காமல் யாருக்கும் நோய் உண்டு, இல்லை என்று எழுதித் தரக்கூடாது. ஆனாலும் இந்தக் கடிதத்தில் அடிமைத்தனம் எனக்குத் தெரியவில்லை.

தெரிவது தூக்கமின்மை. ஒரு மணிக்குப் படுத்து ஐந்தரைக்கு எழுந்தால் நான்கரை மணி நேரம். உங்கள் வயதுக்கு ஏழு மணி நேரமாவது வேண்டும். ஐந்து மாதம் இப்படிக் கழித்தால் எந்த மனுஷிக்கும் சின்ன விஷயம் பெரிதாகத் தெரியும், மகன் சாதாரணமாகக் கேட்டது குத்தலாகக் கேட்கும். கேம் ஆடவே ஆடாமல், இதே நேரத்தில் விழித்திருந்து நல்ல புத்தகம் படித்திருந்தாலும் இதே நிலைதான்.

ஏன் நிறுத்த முடியவில்லை என்பதற்கு உங்கள் பலவீனத்தைத் தவிர வேறு காரணமும் உண்டு. அந்த விளையாட்டில் உங்கள் பாத்திரம் படுக்கையில் போய்ப் படுத்தால்தான் அன்றைய வேலை முறையாகச் சேமிக்கப்படும். பாதியில் மூடினால் அந்த நாள் உழைப்பு போச்சு. அதனால் "இந்த நாளை முடித்துவிடுவோம்" என்று தோன்றும். பாத்திரம் படுத்ததும் அன்றைய வருமானத்தைக் காட்டுகிற திரை வரும், சரி என்று அழுத்திய அடுத்த நொடி விடிந்து மணி ஆறு. நேற்று போட்ட விதை முளைத்திருக்கிறதா என்று பார்க்காமல் யாரால் மூட முடியும்? பாத்திரம் இரவு இரண்டு மணி வரை படுக்காமல் இருந்தால் மயங்கி விழும், பையிலிருந்து கொஞ்சம் பணமும் போகும். நீங்கள் அவளைப் பொறுப்பாக நேரத்துக்குத் தூங்க வைத்துவிட்டு, ஒரு மணிக்கு நீங்கள் விழித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள். இதைப் படித்தபோது எனக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்தது, கோபித்துக்கொள்ள வேண்டாம்.

இந்த இழுப்பு எரிக் பரோன் என்ற ஒற்றை மனிதர் நான்கு வருடத்துக்கு மேல் தனியாக உட்கார்ந்து செய்து 2016இல் வெளியிட்ட விளையாட்டில் இருக்கிறது. ஒரு முறை காசு கொடுத்து வாங்கினால் போதும், உள்ளே மறுபடி எதையும் விற்பதில்லை. இதே இழுப்பைப் பணம் கறப்பதற்காகக் கட்டிய கேம்கள் வேறு ரகம். மூடிய பெட்டியைக் காசு கொடுத்துத் திறக்க வேண்டும், உள்ளே என்ன வரும் என்று தெரியாது. அந்தப் பெட்டிகளில் சிலவற்றைச் சூதாட்டம் என்றே 2018இல் பெல்ஜியத்தின் சூதாட்ட ஆணையம் சொன்னது. "வீடியோ கேம்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டையும் அடைத்துவிட்டு நல்லதா கெட்டதா என்று கேட்டால் பதில் சொல்ல முடியாது. உங்கள் மகன் ஆடுவது எந்த ரகம் என்று உங்களுக்குத் தெரியுமா? அதற்குப் பிறகு வருகிறேன்.

இப்போது வெட்கம். விளையாட்டு என்ற சொல்லையே நாம் பெரியவர்களிடம் திட்டுவதற்குத்தான் பயன்படுத்துகிறோம். "உனக்கு எல்லாம் விளையாட்டாப் போச்சா", "விளையாட்டுப் புத்தி இன்னும் போகலை", "விளையாட்டு வினையாகும்". கடவுள் செய்தால் மட்டும் திருவிளையாடல். 43 வயதில், அதுவும் ஒரு ஆசிரியை, அதுவும் ஒரு அம்மா விளையாடுகிறாள் என்பதைச் சொல்ல நம்மிடம் மரியாதையான ஒரு வினைச்சொல்கூட இல்லை. அதே இரண்டு மணி நேரம் தொலைக்காட்சித் தொடர் பார்த்திருந்தால் லேப்டாப்பை மூடியிருக்க மாட்டீர்கள்.

எந்தப் பொழுதுபோக்கு கௌரவமானது என்பது காலத்துக்குக் காலம் மாறுகிறது. பிள்ளைகள் கேமை விட்டுவிட்டு செஸ் ஆடினால் பெற்றோருக்கு உச்சி குளிர்கிறது. 1859இல் செஸ் மோகம் பரவியபோது, சயன்டிஃபிக் அமெரிக்கன் பத்திரிகை அதைத் தரம் தாழ்ந்த வெறும் பொழுதுபோக்கு என்றும், உயர்ந்த காரியங்களுக்குச் செலவிட வேண்டிய நேரத்தைத் திருடுகிறது என்றும் எழுதியது. பாருங்கள், அங்கேயும் திருட்டு.

இதில் எனக்கும் பங்கு உண்டு. ஆலோசனைக்குப் புதிதாக வருகிறவர்களிடம் கேட்டு நான் நிரப்புகிற படிவம் ஒன்று என்னிடம் இருந்தது. அதில் 'பொழுதுபோக்கு' என்று ஒரு கட்டம், 'பழக்கவழக்கம்' என்று இன்னொரு கட்டம். யாராவது படிப்பேன், படம் வரைவேன் என்றால் முதல் கட்டத்தில் எழுதுவேன். கேம் ஆடுவேன் என்றால் என் பேனா தானாக இரண்டாவது கட்டத்துக்குப் போகும், குடி, புகை பக்கத்தில். பல வருடம் இப்படியே எழுதியிருக்கிறேன். ஒருநாள் முதுகுத்தண்டு அறுவை சிகிச்சைக்குப் பிறகு மாதக்கணக்கில் படுத்திருந்த ஒருவர் மேஜைக்கு இந்தப் பக்கம் எட்டிப் பார்த்துவிட்டு, "ஏன் சார் அதை அங்கே எழுதுறீங்க? அந்த நாள்ல நான் எழுந்து நடந்த ஒரே இடம் அதுதான்" என்றார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்கே படிவத்தை மாற்றிவிட்டேன் என்று எழுத ஆசைதான். மாற்ற இன்னும் ஒரு வருடம் ஆனது.

அந்த விளையாட்டு உங்களுக்கு என்ன தருகிறது? ஆட்கள் ஏன் கேம் ஆடுகிறார்கள் என்று 2006இல் ரயன், ரிக்பி, ஷிபில்ஸ்கி என்ற மூன்று ஆய்வாளர்கள் பார்த்தபோது மூன்று விஷயங்கள் கிடைத்தன. நானே முடிவு செய்கிறேன் என்ற உணர்வு, என்னால் முடிகிறது என்ற உணர்வு, பிறரோடு ஒட்டி இருக்கிறேன் என்ற உணர்வு. உங்கள் பகல் பொழுதை இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மணி அடித்தால் வகுப்பு, மணி அடித்தால் அடுத்த வகுப்பு. ஒரு பிள்ளைக்குப் பின்னம் புரிந்ததா என்பது சில சமயம் மாதக்கணக்கில் தெரியாது. உழைத்த வருடங்களுக்குப் பிறகு பொறுப்பு இன்னொருவருக்குப் போகிறது, ஏன் என்று ஒருவரும் சொல்வதில்லை. இரவில் அந்த நிலத்திலோ, முதல் நாள் கையில் கொடுக்கிற 15 பார்ஸ்னிப் கிழங்கு விதையை ஊன்றித் தினமும் தண்ணீர் விட்டால் நான்கு நாள் கழித்துக் கட்டாயம் விளைந்திருக்கும். யாரும் யாருக்கும் வேண்டப்பட்டவர் என்று விளைச்சலைத் தூக்கிக் கொடுப்பதில்லை.

நீங்கள் போகிற போக்கில் எழுதிய அந்த ஒரு வரி இங்கேதான் வருகிறது. "அதுவும் ஒரு காரணமோ என்னவோ." காரணம்தான் என்று நினைக்கிறேன். ஆனால் இரண்டு விதமாக இருக்கலாம். பகலில் கிடைக்காத ஒன்று இரவில் கிடைக்கிறது, அதனால் மறுநாள் கொஞ்சம் லேசாகப் பள்ளிக்குப் போகிறீர்கள் என்றால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அந்தப் பொறுப்பைப் பற்றி யாரிடமும் வாய் திறக்காமல் இருப்பதற்காக, அந்த நினைப்பு தலை தூக்கும்போதெல்லாம் லேப்டாப்பைத் திறக்கிறீர்கள் என்றால் விஷயம் வேறு. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒரே மாதிரி இருக்கும். மூடிய பிறகு கவனியுங்கள். மனம் நிறைந்து மூடுகிறீர்களா, அல்லது மூடியதும் அந்த நினைப்பு அதே இடத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கிறதா? இரண்டாவது என்றால், பள்ளித் தலைமையிடம் ஒரு நாள் நேரம் கேட்டு, "என்னை ஏன் பரிசீலிக்கவில்லை என்று தெரிந்துகொள்ள விரும்புகிறேன்" என்று கேட்டுவிடுங்கள். பதில் பிடிக்காமல் போகலாம். அதைக் கேட்காமல் கேமை மட்டும் மூன்றாவது முறை அழிப்பதில் பிரயோஜனம் இல்லை.

ஆடுகிற நேரம் எவ்வளவு என்பதைவிட ஏன் ஆடுகிறோம் என்பதுதான் முக்கியம் என்று நான் சொல்வதற்கு ஓர் ஆதாரமும் உண்டு. 2022இல் ஏழு கேம்களை ஆடும் ஏறக்குறைய 39,000 பேரின் உண்மையான நேரப் பதிவை வைத்து ஆராய்ந்தார்கள். நேரம் கூடியதால் மனநலம் கெட்டதாகவும் தெரியவில்லை, மேம்பட்டதாகவும் தெரியவில்லை. பிடித்துப்போய் ஆடியவர்களின் மனநலம் சற்று நன்றாகவும், ஏதோ ஒரு கட்டாயத்தில் ஆடியவர்களின் மனநலம் சற்றுக் குறைவாகவும் இருந்தது.

அதற்காக நாளைக்கே கணவரிடம் "கேம் ஆடினால் மன அழுத்தம் குறையுமாம், மூளைக்கு நல்லதாம்" என்று ஆராய்ச்சியைத் தூக்கிக்கொண்டு போக வேண்டாம். பெரியவர்கள் விளையாட்டுக்கு மருந்துச் சீட்டு வாங்கப் பார்க்கிறார்கள், எனக்கு அது பிடிப்பதில்லை. காரணம் காட்டினால் காரணத்தை எதிர்த்து வாதம் வரும். "இது எனக்குப் பிடிச்சிருக்கு, ராத்திரி வினாத்தாள் தயாரிக்கிறேன்னு சொன்னது பொய்" என்று இரண்டு வாக்கியம் போதும். முதலாவதைவிட இரண்டாவதுதான் அவருக்கு முக்கியமாக இருக்கும். ஐந்து மாதமாக மனைவி நடு இரவில் காலடிச் சத்தம் கேட்டதும் லேப்டாப்பை மூடுகிறாள் என்றால், அவர் என்னென்ன நினைத்துக்கொண்டிருக்கிறாரோ. பண்ணை வைத்திருக்கிறாள் என்று கேட்டால் அநேகமாக நிம்மதிதான் அடைவார்.

அப்புறம் நேரத்தை மாற்றுங்கள். பதினொரு மணிக்கு மறைவாக ஆடுவதை எட்டரை மணிக்கு, விளக்கு எரிகிற கூடத்தில், எல்லோரும் பார்க்க ஆடுங்கள். முதல் வாரம் உடம்பு கூசும். உங்கள் விளையாட்டில் மூன்று நாள் ஓட்டினால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதனால் கடிகாரத்தைப் பார்க்காமல் நாளை எண்ணுங்கள். மூன்றாம் நாள் வருமானத் திரை வந்ததும், மறுநாள் காலை ஆறு மணி வரட்டும், பண்ணை சேமிக்கப்பட்டுவிடும். அந்த இடத்தில், வீட்டை விட்டு வெளியே ஓர் அடி எடுத்து வைக்காமல் மூட வேண்டும். கதவைத் திறந்தால் தொலைந்தீர்கள். நாளைக்கு என்ன செய்ய வேண்டும் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி லேப்டாப் மேல் வைத்துவிடுங்கள். முடிக்காத வேலை மனதைப் பிறாண்டிக்கொண்டே இருக்கும், ஆனால் அதற்கு ஒரு திட்டம் எழுதி வைத்தாலே அந்தப் பிறாண்டல் அடங்கும் என்று 2011இல் ஓர் ஆய்வில் காட்டியிருக்கிறார்கள். மாணவர்களுக்கு வீட்டுப்பாடம் எழுதிப் போடுகிற உங்களுக்கு இது கைவந்த கலை.

இப்போது மகன். உங்கள் கடிதத்திலேயே நல்ல செய்தி அதுதான், அதைக் கெட்ட செய்தியாக எழுதியிருக்கிறீர்கள். "எத்தனாவது வருஷத்துல இருக்கீங்கம்மா?" என்பதில் குத்தல் எங்கே இருக்கிறது? குத்திக் காட்ட நினைக்கிற பதினைந்து வயதுப் பையன் "இதுக்குத்தான் என் போனைப் புடுங்குனீங்களா" என்று கேட்டிருப்பான். இவன் கேட்டது அந்த விளையாட்டை அறிந்தவன் இன்னொரு ஆட்டக்காரரைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. வருஷக் கணக்கு இருக்கிறது என்பது ஆடியவனுக்கோ, பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவனுக்கோதான் தெரியும். சுடுகிற விளையாட்டைத் தவிர வேறு எதுவும் தெரியாதவன் என்று நீங்கள் நினைத்த பையனுக்கு விதை போடுவதும் தெரிந்திருக்கிறது. நீங்களும் யோசிக்காமல் பருவத்தோடு சேர்த்துப் பதில் சொல்லியிருக்கிறீர்கள். ஒரு நொடி இரண்டு பேரும் ஒரே மொழி பேசியிருக்கிறீர்கள். அடுத்த நொடியே நீங்கள் அதைக் குற்றப்பத்திரிகையாக்கிவிட்டீர்கள்.

அவனைக் கண்டிக்கும் தகுதி போய்விட்டது என்று நினைக்க வேண்டாம். அவன் வயதுக்கு எட்டு முதல் பத்து மணி நேரத் தூக்கம் வேண்டும், இரவில் போனை வாங்கி வைப்பது அதற்காக. அந்த விதி அப்படியே இருக்கட்டும். அம்மாவுக்கும் மகனுக்கும் ஒரே விதி இருந்துதான் ஆக வேண்டும் என்று எங்கேயும் எழுதி வைக்கவில்லை. தென் கொரியாவில் 16 வயதுக்கு உட்பட்டவர்கள் நள்ளிரவு முதல் காலை ஆறு வரை ஆன்லைன் கேம் ஆடக்கூடாது என்று 2011 முதல் சட்டமே இருந்தது. பத்து வருடம் பார்த்துவிட்டு, 2022 தொடக்கத்தில் அதை எடுத்துவிட்டு நேரத்தைத் தீர்மானிப்பதைக் குடும்பங்களிடமே விட்டார்கள். உங்கள் வீட்டில் அந்த முடிவை எடுக்கிறவர் நீங்கள். மாற்ற வேண்டியது விதிக்கு நீங்கள் சொல்கிற காரணத்தை. "கேம் ஆடினால் உருப்பட மாட்டாய்" என்பதை நீங்களே நம்பவில்லை, அவனுக்கும் இப்போது அது தெரியும். "தூக்கம் கெடுது. என் தூக்கமும் கெட்டுப்போச்சு, நானும் நேரத்தை மாத்திக்கிட்டேன்" என்று சொன்னால் அவனால் மறுத்துப் பேச முடியாது.

இன்னொன்று. உங்கள் விளையாட்டில் நினைத்த நேரத்தில் நிறுத்திவைக்கலாம். அவனுடையதில் பெரும்பாலும் முடியாது. நாலைந்து பேர் ஒரு அணியாக, எதிரே இன்னொரு அணி, நேரலையில் ஓடுகிறது. பாதியில் கிளம்பினால் மற்றவர்கள் ஒரு ஆள் குறைவாக மாட்டிக்கொள்வார்கள். சில கேம்களில் பாதியில் போனவனுக்கு அபராதமும் உண்டு. "உடனே அணை" என்று நீங்கள் சொல்லும்போது அவன் காதில் "கூட்டாளிகளை விட்டுவிட்டு ஓடு" என்று விழுகிறது. "இந்த மேட்ச் முடிய எவ்வளவு நேரம் ஆகும்?" என்று கேளுங்கள். பத்து நிமிடம் என்றால் பதினோராவது நிமிடத்தில் போன் உங்கள் கையில் இருக்க வேண்டும், அடுத்த மேட்ச் தொடங்கக் கூடாது. இந்தக் கேள்வியை ஒருநாள் கேட்டுப் பாருங்கள், அவன் உங்களை நிமிர்ந்து பார்ப்பான். கூடவே, அந்தக் கேமில் காசு கட்டுகிற பெட்டிகள் இருக்கிறதா, யாருடைய கணக்கிலிருந்து போகிறது, முன்பின் தெரியாதவர்களோடு பேசுகிறானா என்பதையும் கேளுங்கள். எத்தனை மணி நேரம் என்பதைவிட எனக்கு இவைதான் கவலை.

ஸ்டார்டியூ வேலியில் இருவர் சேர்ந்து ஒரே பண்ணையை நடத்தவும் வழி இருக்கிறது. அதற்காக இன்றைக்கே அவனை இழுத்து உட்கார வைத்து "வா, சேர்ந்து ஆடலாம்" என்று ஆரம்பித்துவிடாதீர்கள். அம்மா பாடத்திட்டம் போட்டு நடத்துகிற விளையாட்டில் எந்தப் பையனும் இருக்க மாட்டான். அவனாக வந்து நின்றால் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி இடம் விடுங்கள், அவ்வளவுதான்.

நேரத்தை மாற்றி, வீட்டில் சொல்லி, ஒரு மாதம் பாருங்கள். அதற்குப் பிறகும் ஒரு மணிக்குத்தான் படுக்கிறீர்கள், நிறுத்தினால் எரிந்து விழுகிறீர்கள், திருத்த வேண்டிய தாள்கள் தேங்குகின்றன, அல்லது கேம் இல்லாத நேரத்திலும் எதிலும் ஒட்டாமல் மனம் வெறுமையாக இருக்கிறது என்றால், அருகில் இருக்கிற மனநல ஆலோசகரை நேரில் பாருங்கள். கடைசியாகச் சொன்ன வெறுமைக்கு ஒரு மாதம்கூடக் காத்திருக்க வேண்டாம்.

வகுப்பில் சொல்கிற அந்த வாசகத்தை என்ன செய்வது என்று நீங்கள் கேட்கவில்லை. கேட்டிருந்தால், அடுத்த முறை அது வாயில் வரும்போது விழுங்கிவிட்டு, யார் யார் என்ன ஆடுகிறீர்கள் என்று கேட்கச் சொல்லியிருப்பேன். நாளுக்கு 14 நிமிடம், ஆண்டுக்கு 112 நாள் என்பது கரும்பலகையில் போடுவதற்கு நல்ல கணக்கு.

பண்ணையின் பெயரை எனக்கு எழுத வேண்டாம். அவனிடம் சொல்லுங்கள். மூன்றாவது வருஷம் என்று தெரிந்துகொண்டவன் அடுத்து அதைத்தான் கேட்டிருப்பான், நீங்கள் முகத்தைத் திருப்பாமல் இருந்திருந்தால்.